வைமார் குடியரசைச் சாய்த்தது அரசியலமைப்பா, அலுவலகங்களில் இருந்தவர்களா?

கேள்வி: வைமார் குடியரசு (1918 முதல் 1933 வரை ஜெர்மனியில் இருந்த ஜனநாயக ஆட்சி) விழுந்ததற்கு அதன் அரசியலமைப்புதான் காரணம் என்பது என் கருத்து. 48-வது பிரிவு, நெருக்கடி நேரத்தில் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ஆணையிடலாம் என்று குடியரசுத் தலைவரிடம் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்தது. விகிதாசாரத் தேர்தல் முறை நாடாளுமன்றத்தைச் சில்லறைக் கட்சிகளால் நிரப்பியது. இந்த இரண்டும் இல்லாமல் இருந்திருந்தால் 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருக்க மாட்டார். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 நவம்பர், இரவு

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. நீங்கள் கேட்ட நாளும் பொருத்தமான நாள்.

1918 நவம்பர் 9, சனிக்கிழமை. மதியம் கைசர் (ஜெர்மன் பேரரசர்) பதவி விலகிவிட்டார் என்ற அறிவிப்பை வெளியிட்டவர் சான்சலர், அதாவது அரசின் தலைமை அமைச்சர், இளவரசர் மேக்ஸ். கைசர் அப்போது பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊரில் ராணுவத் தலைமையகத்தில் இருந்தார்; விலகுவதாக அவர் இன்னும் சொல்லவே இல்லை. அடுத்து மேக்ஸ் தன் சான்சலர் பதவியை ஃப்ரீட்ரிஷ் எபர்ட்டிடம் ஒப்படைத்தார். எபர்ட் சேணம் தைக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர், சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர். ரைக்ஸ்டாக் (நாடாளுமன்றம்) உணவகத்தில் தண்ணீர் சூப் குடித்துக்கொண்டிருந்த அவருடைய தோழர் சைடமனிடம் ஆட்கள் ஓடிவந்து, தீவிர இடதுசாரித் தலைவர் லீப்னெக்ட் அரண்மனையிலிருந்து சோவியத் குடியரசை அறிவிக்கப் போகிறார் என்றார்கள். சைடமன் எழுந்துபோய் ஜன்னலில் நின்று, ஜெர்மன் குடியரசு வாழ்க என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு வந்தார். எபர்ட்டின் முகம் சிவந்துவிட்டதாகவும், 'குடியரசை அறிவிக்க உனக்கு உரிமை இல்லை' என்று தன் மீது பாய்ந்ததாகவும் சைடமனே பின்னாளில் எழுதியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து லீப்னெக்ட் அரண்மனையிலிருந்து தன் குடியரசை அறிவித்தார். ஒரே நாளில், ஒரே ஊரில், இரண்டு குடியரசுகள்.

அந்த மாதம் பதவி இழந்தவர் கைசர் மட்டும் இல்லை. பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பர்க் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மன்னரோ பெருங்கோமகனோ சிற்றரசரோ இருந்தார். மொத்தம் 22 பேர். நவம்பர் முடிவதற்குள் அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

அவர்கள் பெயரால் தீர்ப்பு எழுதிய நீதிபதி, அவர்களுக்குச் சத்தியம் செய்த அதிகாரி, அவர்களைப் புகழ்ந்து பாடம் நடத்திய பேராசிரியர், மாவட்டத்தை ஆண்ட நிர்வாகி எல்லோரும் திங்கட்கிழமை காலை அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். என் வாதம் இதுதான். அரசியலமைப்பைக் குற்றம் சொல்வதற்கு முன், அதை யார் கையில் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

10 நவம்பர்

நேற்றைய குறிப்புக்கு ஒரு நண்பரின் பதில்: "அவர்களை எல்லாம் ஒரே நாளில் வெளியே அனுப்பியிருக்க வேண்டும் என்கிறீர்களா? நாடு எப்படி நடக்கும்?"

நியாயமான கேள்வி. எபர்ட்டும் அன்று இரவு இதையேதான் யோசித்திருப்பார். நவம்பர் 10 இரவு ராணுவத் தலைமையகத்திலிருந்து ஜெனரல் க்ரோனர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். ராணுவம் புதிய அரசுக்குக் கீழ்ப்படியும். பதிலுக்கு, அதிகாரிகளின் அதிகாரத்தில் கைவைக்கக் கூடாது, போல்ஷெவிக்குகளை எதிர்த்து நிற்க வேண்டும். எபர்ட் ஒப்புக்கொண்டார்.

அவருடைய மேஜையில் அன்று என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். லட்சக்கணக்கான வீரர்களைக் குறித்த நாட்களுக்குள் ரயிலில் ஊர் திருப்ப வேண்டும். பிரிட்டனின் கடல் முற்றுகை இன்னும் நீங்கவில்லை (1919 ஜூலையில்தான் முழுமையாக நீங்கியது). இரண்டு வருஷம் முன்பு ஒரு குளிர்காலம் முழுக்க டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த மக்கள். நகரங்களில் ஸ்பானிஷ் காய்ச்சல். அவருடைய சொந்தப் பிள்ளைகள் இருவர் 1917-இல் போர்முனையில் இறந்திருந்தார்கள். அந்த மனிதர் "எனக்கு ரயில் ஓட வேண்டும், ரொட்டி வர வேண்டும்" என்று முடிவெடுத்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. இதை அப்புறம் எழுதுகிறேன், இன்று வேலை இருக்கிறது.

11 நவம்பர், காலை

போர்நிறுத்த நாள். எர்ட்ஸ்பெர்கர் பற்றிச் சொல்லாமல் இந்த நாளைக் கடக்க முடியாது.

1918 செப்டம்பர் 29 அன்று, போர் முடிந்துவிட்டது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை நெருக்கியவர் லூடென்டார்ஃப். கடைசி இரண்டு வருஷம் போரை நடத்திய தளபதியே அவர்தான். இரண்டு நாள் கழித்துத் தன் அதிகாரிகளிடம் அவர் பேசியதை அங்கிருந்த ஓர் அதிகாரி நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நமக்கு இந்தக் கதி வரக் காரணமானவர்களை இப்போது ஆட்சிக்குக் கொண்டுவருவோம், அவர்கள் காய்ச்சிய சூப்பை அவர்களே குடிக்கட்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

அதன்படியே நடந்தது. கொம்பியேன் காட்டில் ரயில்பெட்டிக்குள் கையெழுத்துப் போட ஜெர்மன் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனவர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர், கத்தோலிக்க மையக் கட்சியின் அரசியல்வாதி. தளபதிகள் யாரும் அந்தக் காகிதத்தில் முதல் கையெழுத்தைப் போட வரவில்லை. ஒரு வருஷம் கழித்து, 1919 நவம்பர் 18 அன்று, போரில் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஹிண்டன்பர்க் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் போய் நின்றார். ராணுவம் களத்தில் தோற்கவில்லை, பின்னாலிருந்து முதுகில் குத்தப்பட்டது என்று எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார். குழுவின் கேள்விகளைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எர்ட்ஸ்பெர்கரை 1920 ஜனவரியில் ஒருவன் சுட்டான், காயத்தோடு தப்பினார். சுட்டவனுக்குக் கிடைத்தது 18 மாதச் சிறை. 1921 ஆகஸ்ட் 26 அன்று கறுங்காட்டில் பாட் க்ரீஸ்பாக் என்ற ஊரில் நடைபயிற்சிக்குப் போனவரை இரண்டு பேர் சுட்டுக் கொன்றார்கள். கொலையாளிகள் ஹங்கேரிக்கு ஓடினார்கள். அவர்களுக்குத் தண்டனை கிடைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

11 நவம்பர், இரவு

ஒரு சேர்க்கை. முதுகில் குத்திய கதைக்கு எபர்ட்டும் தெரியாமல் கை கொடுத்துவிட்டார். 1918 டிசம்பர் 10 அன்று பெர்லினுக்குத் திரும்பிய படைகளை வரவேற்றபோது, எந்த எதிரியும் உங்களை வென்றதில்லை என்று பேசினார். களைத்துப்போய் வந்த பையன்களுக்கு ஆறுதலாகச் சொன்ன வார்த்தை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் வேறென்ன சொல்வார்? ஆனால் எதிரி வெல்லவில்லை என்றால் தோற்கடித்தது யார் என்ற கேள்வி அந்த வாக்கியத்திலேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேறு ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

13 நவம்பர்

வெர்சாய் ஒப்பந்தத்தை மறந்துவிட்டேன் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மறக்கவில்லை. நிலப்பரப்பில் 13 சதவீதம், மக்கள்தொகையில் 10 சதவீதம் போனது. ராணுவம் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. போரின் பொறுப்பை ஏற்கச் சொல்லும் 231-வது பிரிவு. 1921 மே மாதம் நிர்ணயித்த 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு. எல்லாம் கடுமைதான்.

ஆனால் 1925-இல் அண்டை நாடுகளோடு லொகார்னோ உடன்படிக்கை, 1926-இல் சர்வதேச சங்கத்தில் இடம், அதே வருஷம் வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெசமனுக்கு அமைதிக்கான நோபல் என்று அந்தக் கடுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியவர்களும் குடியரசுக்காரர்கள்தான். பேசித் தீர்த்தவனைத் துரோகி என்று கூப்பிடும் ஒரு கூட்டம் உள்ளே இல்லாமல் இருந்திருந்தால் வெர்சாயை ஜெர்மனி தாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

15 நவம்பர்

என் வீட்டுக்குக் கீழ் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். நான் பெர்லினுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். முதல் வருஷத்திலிருந்தே பழக்கம். ஒரு நாள் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து காட்டினார். உள்ளே அவர் தாத்தாவின் பணம். ஆயிரம் மார்க் நோட்டு ஒன்று. தேதி 1922 டிசம்பர் 15. அதன் மேலேயே சிவப்பு மையில் பெரிதாக இன்னொரு தொகை அச்சடித்திருக்கிறது: ஒரு மில்லியார்ட் மார்க். அதாவது நூறு கோடி. புது நோட்டு அச்சடிக்க நேரமில்லாமல் பழைய ஆயிரத்தின் மேல் நூறு கோடி என்று குத்தி வெளியே விட்டிருக்கிறார்கள். கையில் வாங்கினேன். நாலாக மடித்த தடம் நோட்டில் அப்படியே இருக்கிறது. யாரோ ஒருவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்கு நடந்திருக்கிறார்.

போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். அந்த மாதம் 15-ஆம் தேதி ரென்டன்மார்க் வந்தது. பழைய மார்க் ஒரு லட்சம் கோடிக்குப் புதிது ஒன்று.

இதை மக்கள் குடியரசின் கணக்கில் எழுதினார்கள். ஆனால் கடன் எங்கே தொடங்கியது? கைசர் அரசு போர்ச் செலவில் பெரும்பகுதியை வரியாக வாங்காமல் ஒன்பது போர்க்கடன் பத்திரங்களாக மக்களிடமிருந்தே திரட்டியது. ஜெயித்தால் எதிரி கட்டுவான் என்பது கணக்கு. போர் முடியும்போதே மார்க் பாதி மதிப்பை இழந்திருந்தது. குடியரசும் தவறு செய்தது, மறைக்கவில்லை: 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதியைப் பிடித்தபோது அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு நோட்டு அச்சடித்தே சம்பளம் கொடுத்தார்கள். நோட்டு நாசமாகப் போனது அந்தப் பத்து மாதத்தில்தான்.

நாட்டுப்பற்றோடு போர்ப் பத்திரம் வாங்கிய பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற தபால்காரர், விதவை இவர்களுடைய மொத்தச் சேமிப்பும் ஒரு ரொட்டிக்குப் போதவில்லை. இவர்கள் குடியரசை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் இல்லை. ஆனால் அதற்காக இறங்கவும் இனி மாட்டார்கள்.

பாட்டி டப்பாவை மூடும்போது, "தாத்தா வீடு வாங்கச் சேர்த்தது" என்று மட்டும் சொன்னார்.

16 நவம்பர்

4.2 லட்சம் கோடி என்பது எழுத்துப்பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை இல்லை. 42-க்குப் பின் பதினொரு சைபர்.

20 நவம்பர்

இனி நீதிபதிகள். இதை எழுதத்தான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

எமில் கும்பெல் என்று ஒரு கணிதவியலாளர், புள்ளியியல் பேராசிரியர். 1919 முதல் 1922 வரை நடந்த அரசியல் கொலைகளை நீதிமன்ற ஆவணங்கள் வழியாக ஒவ்வொன்றாக எண்ணினார். வலதுசாரிகள் செய்தவை 354. இடதுசாரிகள் செய்தவை 22. அந்த 354-இல் 326 கொலைகளுக்கு யாருக்கும் தண்டனை இல்லை. அந்த 22-இல் தண்டனை இல்லாமல் போனவை 4 மட்டும். பத்துப் பேருக்கு மரண தண்டனை.

இந்த நான்கு எண்களை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே சட்டப் புத்தகம், அதே நீதிமன்றம். யார் கொன்றான் என்பதைப் பொறுத்துத் தராசு வேறு.

ஒரு வழக்கை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 1923 நவம்பர் 8, 9-இல் மியூனிக்கில் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்றார். நான்கு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். நீதிபதி கியோர்க் நைட்ஹார்ட். ஹிட்லர் ஏற்கெனவே ஒரு வழக்கில் நன்னடத்தையின் பேரில் வெளியே இருந்தவர். அவர் ஆஸ்திரியக் குடிமகன் வேறு. தேசத்துரோகக் குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்த வேண்டும் என்பது வெளியுறவு அமைச்சர் ராதெனாவ் கொலைக்குப் பிறகு 1922-இல் வந்த குடியரசுப் பாதுகாப்புச் சட்டம். ஜெர்மானியராகவே சிந்தித்து ஜெர்மானியராகவே உணரும் ஒருவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பில் எழுதினார்கள். ஐந்து வருஷத் தண்டனை, 1924 ஏப்ரல் 1. விடுதலை, அதே வருஷம் டிசம்பர் 20. லூடென்டார்ஃபுக்கு முழு விடுதலை.

அந்த இடத்தில் சட்டத்தில் எழுதியிருந்ததை எழுதியபடி செய்ய ஒரு நீதிபதி இருந்திருந்தால், 1924-லேயே அந்த ஆளை ஆஸ்திரிய எல்லையில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். சட்டம் இருந்தது. பிரிவும் இருந்தது. கேள்வி கேட்ட நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்.

நீதிபதிகளை ஏன் மாற்றவில்லை? அரசியலமைப்பே அவர்களை வாழ்நாள் முழுக்கப் பதவியில் இருத்தியது. நீதித்துறையின் சுதந்திரம் நல்ல கொள்கை. எந்த ஜனநாயகவாதியும் அதில் கைவைக்கத் தயங்குவான். அந்தக் கொள்கையைத் தன்னை வெறுப்பவர்களுக்கும் சேர்த்தே கொடுத்தது குடியரசு.

21 நவம்பர்

"அப்படியானால் குற்றம் அரசியலமைப்பில்தானே? நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்" என்கிறார் கேள்வி கேட்ட நண்பர்.

ஒரு பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன பிரிவு வேறு, நான் சொல்வது வேறு. 48-க்கு அப்புறம் வருகிறேன்.

26 நவம்பர்

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஒரு புகைப்படம்.

1919 ஜூலையில் எபர்ட்டும் ராணுவ அமைச்சர் நோஸ்கேயும் பால்டிக் கடற்கரையில் ஹாஃப்க்ரூக் என்ற ஊரில் குளித்தார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நீச்சல் காற்சட்டையோடு நிற்கிறார்கள், தொப்பை தெரிகிறது. உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்தார். ஆகஸ்டில், எபர்ட் புதிய அரசியலமைப்பின்படி குடியரசுத் தலைவராகப் பதவிப் பிரமாணம் எடுத்த அதே நேரத்தில், பெர்லினின் பெரிய படப் பத்திரிகை ஒன்று அதை அட்டையிலேயே போட்டது. அப்புறம் அஞ்சல் அட்டைகள் வந்தன: ஒரு பக்கம் பதக்கமும் இறகுத் தொப்பியுமாகக் கைசர், பக்கத்தில் காற்சட்டையோடு எபர்ட். 'அன்றும் இன்றும்' என்று தலைப்பு.

அந்தப் படத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வேலைக்கு நடுவே ஒரு நாள் கடலில் இறங்கிய நடுத்தர வயது மனிதர். அவ்வளவுதான். ஆனால் அதிகாரம் என்றால் சீருடை, குதிரை, மீசை என்று பழகிய கண்களுக்கு, தன்னைப்போலவே இருக்கும் ஒருவர் தன்னை ஆள்வது அவமானமாகத் தெரிந்தது.

கொடியிலும் இதே சண்டை. குடியரசின் கொடி கறுப்பு, சிவப்பு, பொன். எதிரிகள் பொன்னைக் கடுகு என்று கிண்டல் செய்தார்கள். பழைய கறுப்பு, வெள்ளை, சிவப்பை விட மனமில்லாமல், வணிகக் கப்பல்களுக்கு மட்டும் பழைய கொடி, மூலையில் சின்னதாகப் புதிய கொடி என்று சமரசம் செய்து அதை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். 1926-இல் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் வணிகக் கொடியைப் பறக்கவிடலாம் என்று ஓர் ஆணை வந்து, அதனால் சான்சலர் லூதரின் அமைச்சரவையே கவிழ்ந்தது.

2 டிசம்பர்

நான் எழுதியது எல்லாவற்றையும் நானே மறுபடி படித்தேன். எபர்ட்டை மிகவும் மென்மையாக நடத்திவிட்டேன்.

நேற்று லாண்ட்வேர் கால்வாய்க் கரையில் நடந்தேன். ஒரு பாலத்துக்குப் பக்கத்தில், தண்ணீரிலிருந்து மேலே ஏறி வருவதுபோல் வார்ப்பிரும்பு எழுத்துகளில் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்கின் பெயர் நிற்கிறது. 1919 ஜனவரி 15 இரவு ஃப்ரைகோர் (முன்னாள் ராணுவத்தினரின் வலதுசாரித் தன்னார்வப் படை) படையினர் அவரைச் சுட்டு இந்தக் கால்வாயில் வீசினார்கள். உடல் கிடைத்தது நான்கு மாதத்துக்கும் மேல் கழித்து. லீப்னெக்ட்டையும் அதே இரவு கொன்றார்கள். அந்த ஃப்ரைகோர் படைகளை பெர்லினுக்குள் கொண்டுவந்தது நோஸ்கே, எபர்ட்டின் சம்மதத்தோடு. இடதுசாரிகளின் ஜனவரிக் கிளர்ச்சியை அடக்க வேண்டியிருந்தது என்பது உண்மை. தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது ஆயுதத்தோடு ஆட்சியைப் பிடிக்க வந்தவர்களை எந்த அரசும் விட்டுவைக்காது. ஆனால் குடியரசை வெறுப்பவர்களை வைத்துக் குடியரசைக் காத்தால், அவர்கள் துப்பாக்கி அடுத்து யார் பக்கம் திரும்பும்?

1920 மார்ச் 13-இல் திரும்பியது. ஃப்ரைகோரின் எர்ஹார்ட் படைப்பிரிவு பெர்லினுக்குள் அணிவகுத்து வந்து காப் என்பவரை சான்சலராக அறிவித்தது. அரசைக் காக்கச் சொல்லிக் கேட்டபோது ஜெனரல் சேக்ட் கைவிரித்துவிட்டார். ராணுவம் ராணுவத்தைச் சுடாதாம். எபர்ட்டும் அமைச்சர்களும் ட்ரெஸ்டனுக்கும் அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கும் ஓட வேண்டியதாயிற்று. க்ரோனரோடு பேசிய ஒப்பந்தத்துக்குக் கிடைத்த பலன் இது.

அப்போது குடியரசைக் காப்பாற்றியவர்கள் தொழிலாளர்கள். நாடு முழுக்க வேலைநிறுத்தம். பெர்லினில் தண்ணீர் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை, ரயில் இல்லை. காப் யாருக்கும் ஓர் ஆணைகூட அனுப்ப முடியாமல் ஐந்தே நாளில் ஓடினார். படைப்பிரிவு ஊரைவிட்டுப் போகும்போது, பாரிசர் சதுக்கத்தில் தங்களைப் பார்த்துக் கூச்சலிட்ட கூட்டத்தைச் சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அந்தக் கலகத்துக்காகத் தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர், யாகோ. ஐந்து வருஷம், அதுவும் சாதாரணச் சிறையைவிட வசதியான கோட்டைக் காவல். ஆனால் ரூரில் ஆயுதத்தைக் கீழே போட மறுத்த தொழிலாளர்களை அடக்க அதே ராணுவத்தையும் ஃப்ரைகோரையும் அனுப்பினார்கள். இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். தன்னைக் காப்பாற்றியவர்களின் நம்பிக்கையைக் குடியரசு அந்த வசந்தத்தில் இழந்தது. ஜூனில் நடந்த தேர்தலில் மூன்று குடியரசுக் கட்சிகளும் பெரும்பான்மையை இழந்தன. மறுபடி அது கிடைக்கவே இல்லை.

ஆகவே நவம்பர் 10-இல் நான் எழுதியதைத் திருத்துகிறேன். முதல் இரண்டு மாதம் எபர்ட்டுக்கு வேறு வழி இல்லை என்பதை இன்னும் நம்புகிறேன். 1920 மார்ச் 18 காலை அவருக்கு வழி இருந்தது. தளபதிகள் முகம் வெளுத்து நின்ற நேரம் அது. அப்போது கைவைக்காமல் விட்டது தவறு.

5 டிசம்பர்

"செய்திருக்கவே முடியாது" என்று எழுதியவருக்கு: ப்ரஷ்யாவில் செய்தார்கள். நாட்டின் ஐந்தில் மூன்று பங்கு அந்த ஒரு மாநிலம். காப் கலகத்துக்குப் பிறகு ஓட்டோ ப்ரவுன் முதல்வராகி, சிறு இடைவெளிகள் தவிர 1932 வரை இருந்தார். மாவட்ட நிர்வாகிகளை மாற்றினார்கள், காவல்துறையில் குடியரசை ஏற்றவர்களைக் கொண்டுவந்தார்கள். 1932 ஜூலை 20-இல் சான்சலர் பாப்பன் அந்த அரசைக் கலைத்த பிறகுதான் நாஜிகளுக்கு வழி திறந்தது. நிதானமாகச் செய்தால் முடியும் என்பதற்கு ப்ரஷ்யாவே சாட்சி.

14 டிசம்பர்

கைசரின் சொத்து என்ன ஆனது என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தலைப்பை விட்டு வெளியே போனாலும் சுவையான விஷயம்.

அவர் நெதர்லாந்தில் டோர்ன் என்ற ஊரில் ஒரு மாளிகை வாங்கிக்கொண்டார். பெர்லின், போட்ஸ்டாம் அரண்மனைகளிலிருந்து 59 ரயில் பெட்டி நிறையச் சாமான்களைக் குடியரசு அவருக்கு அனுப்பிவைத்தது. அங்கேயே 1941-இல் இறந்தார். முன்னாள் மன்னர்களின் சொத்தை இழப்பீடு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாமா என்று 1926 ஜூன் 20-இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவர்கள் 1 கோடியே 45 லட்சம் பேர். மொத்த வாக்காளர்களில் பாதி, ஏறக்குறைய 2 கோடி வேண்டியிருந்ததால் தோற்றது. பிஸ்கட் டப்பாவில் தாத்தாவின் சேமிப்பை வைத்திருக்கும் வீடுகள் இந்த 59 பெட்டிகளைப் பற்றி என்ன நினைத்திருக்கும்?

19 ஜனவரி

இன்று 1919 தேர்தல் நாள். நல்லதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே சாவுக் கணக்காகிவிடும்.

இருபது வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு. பெண்களுக்கும் முதல் தடவை. 83 சதவீதம் பேர் வந்து போட்டார்கள். 423 இடங்களில் 37 பெண்கள் ஜெயித்தார்கள். குடியரசை ஏற்ற மூன்று கட்சிகளுக்கும் சேர்த்து நாலில் மூன்று பங்கு வாக்கு. பிறக்கும்போது இந்தக் குழந்தைக்கு ஆதரவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 19-இல் மரீ யூகாட்ஸ் மேடையேறினார். ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஒரு பெண் பேசியது அதுவே முதல் தடவை. 'ஐயாமார்களே, அம்மாமார்களே' என்று தொடங்கினார். அவைக் குறிப்பில் சிரிப்பொலி பதிவாகியிருக்கிறது. ஓட்டுரிமைக்காகப் பெண்கள் இந்த அரசுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, அநியாயமாகப் பிடித்துவைத்திருந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவே என்றார்.

பெர்லினில் கலவரம் என்பதால் அந்த அவை வைமார் நகர நாடக அரங்கில் கூடியது. போன கோடையில் போய்ப் பார்த்தேன். வாசலில் கவிஞர்கள் கதேயும் ஷில்லரும் சிலையாக நிற்கிறார்கள். எல்லோரும் அவர்களோடுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுவரில் கட்டடக் கலைஞர் க்ரோப்பியஸ் வடிவமைத்த ஒரு பலகை இருக்கிறது: இந்தக் கட்டடத்தில் ஜெர்மன் மக்கள் தமக்கு அரசியலமைப்பைத் தந்துகொண்டார்கள் என்ற செய்தி. 1922-இல் வைத்தது, 1933-இல் நாஜிகள் பிடுங்கினார்கள், 1946-இல் திரும்ப வந்தது. நான் அங்கே நின்ற அரைமணி நேரத்தில் அதை வாசித்தது ஒரு பள்ளி மாணவி மட்டும். விரலால் எழுத்தைத் தொட்டுக்கொண்டே வாசித்தாள். நான் இங்கே வந்த புதிதில் போன குடிமைப் பாட வகுப்பில் வைமாருக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மதியம். 'அது தோற்றது' என்று சொல்லி ஆசிரியை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். இத்தனை வருஷமாக நான் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதற்கு அந்த மதியம்தான் காரணம்.

24 ஜனவரி

48-வது பிரிவு. கடன் பாக்கி வைத்திருந்தேன்.

எபர்ட் அதை நூறு தடவைக்கு மேல் பயன்படுத்தினார். 1923-இல் ஒரே நேரத்தில் பணவீக்கம், ரூர், ஹாம்பர்க்கில் கம்யூனிஸ்ட் எழுச்சி, மியூனிக்கில் ஹிட்லர் எல்லாம் வந்தபோது அது இல்லாவிட்டால் குடியரசு அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது. (ஆனால் அதே பிரிவை வைத்து சாக்சனியின் இடதுசாரி அரசைக் கலைத்தவர், பவேரியாவின் வலதுசாரி அரசைத் தொடவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும்.) 1925-இல் குடியரசுத் தலைவரான ஹிண்டன்பர்க் கையில் வந்தபோது அதே பிரிவு நாடாளுமன்றத்துக்குப் பதிலாக ஆளும் கருவி ஆனது. 1930 ஜூலையில் சான்சலர் ப்ரூனிங்கின் நிதி ஆணையை நாடாளுமன்றம் ரத்து செய்தது. ஹிண்டன்பர்க் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107-க்குப் போனார்கள்.

விகிதாசாரம்? அறுபதாயிரம் ஓட்டுக்கு ஓர் இடம். சில்லறைக் கட்சிகள் வந்தன, உண்மை. ஆனால் கடைசிப் பெரும்பான்மை அரசு 1930 மார்ச்சில் உடைந்தது சில்லறைக் கட்சிகளால் இல்லை. வேலையில்லாதோர் காப்பீட்டுத் தொகையைச் சம்பளத்தில் கால் சதவீதம் ஏற்றுவதா இல்லையா என்று கூட்டணியின் பெரிய கட்சிகளே மல்லுக்கு நின்றன. 1932 ஜூலையில் நாஜிகள் 230, கம்யூனிஸ்டுகள் 89; 608 பேர் உள்ள அவையில் குடியரசை வேண்டாம் என்றவர்களே பெரும்பான்மை. தொகுதிவாரித் தேர்தலாக இருந்திருந்தால் நாஜிகளுக்கு இன்னும் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

நீங்கள் சொல்வதில் நான் ஏற்பது ஒன்று: நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம், சான்சலரை நியமிக்கும் அதிகாரம், நெருக்கடி அதிகாரம் மூன்றையும் ஒருவரிடமே கொடுத்தது ஆபத்து. எபர்ட்டை மனதில் வைத்து எழுதியதை ஹிண்டன்பர்க் வாசித்தார்.

28 பிப்ரவரி

எபர்ட் இறந்த நாள், 1925.

அவரைத் துரோகி என்று எழுதிய ஒரு பத்திரிகை ஆசிரியர் மீது வழக்குப் போட்டிருந்தார். அவர் போட்ட அவதூறு வழக்குகள் நூற்றைம்பதுக்கும் மேல். இது அவற்றில் ஒன்று. 1924 டிசம்பரில் மாக்டபர்க் நீதிமன்றம் ஆசிரியருக்கு அவமதிப்புக்காக மூன்று மாதம் கொடுத்தது. கூடவே, 1918 ஜனவரி ஆயுதத் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்ததால் எபர்ட் சட்டப்படி தேசத்துரோகம் செய்தவர்தான் என்றும் எழுதியது. வேலைநிறுத்தத்தைச் சீக்கிரம் முடிப்பதற்காகவே அதன் குழுவில் சேர்ந்தேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. நாட்டின் தலைவரை, அந்த நாட்டின் நீதிமன்றமே, துரோகி என்றது.

மேல்முறையீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். வயிற்றுவலி. குடல்வால் அழற்சி. இந்த நேரத்தில் படுக்க முடியாது என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். 54 வயது.

ஏப்ரலில் நடந்த தேர்தலில் ஹிண்டன்பர்க்குக்கு 1 கோடியே 46 லட்சம், குடியரசுக் கட்சிகளின் வேட்பாளர் மார்க்ஸுக்கு 1 கோடியே 37 லட்சம், தனியாக நின்ற கம்யூனிஸ்ட் டேல்மனுக்கு 19 லட்சம்.

ஹைடல்பர்க்கில் எபர்ட் பிறந்த வீடு இப்போது நினைவகம். பழைய ஊரின் ஒடுங்கிய சந்து. தகப்பனார் தையல்காரர், ஒன்பது பிள்ளைகளில் இவர் ஏழாவது. உள்ளே போனால் தலை இடித்துவிடுமோ என்று குனியத் தோன்றும் அளவுக்குச் சின்ன அறைகள். போன வருஷம் போனபோது அங்கிருந்த பெண்மணி, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பெர்லின் என்றேன். "அவரும் அங்கிருந்துதான் கடைசியாக வந்தார்," என்று சொல்லி, மலைமேல் இருக்கும் கல்லறைக்குப் போகும் வழியைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தார்.